பிலாத்துவின் முற்றமா, ஹாட்ரியன் போட்ட தளமா?

எருசலேம் பழைய நகரின் சிலுவைப்பாதைத் தெருவில், தலைக்கு மேலே ஒரு பழங்கல் வளைவு குறுக்கே நிற்கிறது. அதை ஒட்டியிருப்பது எக்சே ஹோமோ மடம். யூதராகப் பிறந்து 1842-இல் கத்தோலிக்கரான அல்போன்ஸ் ரத்திஸ்பொன் அடிகளார் 1857-இல் இந்த நிலத்தை வாங்கினார். சீயோன் அன்னை சபைக் கன்னியர் இங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். திருப்பயணிகளுக்கு இன்றும் விடுதி நடத்துகிறார்கள்.

மடத்துக்கு அடியில் அகன்ற கல்தளம் ஒன்று உண்டு. இயேசுவுக்கு ரோம ஆளுநர் பிலாத்து தீர்ப்பிட்ட முற்றம் இதுவே என்று பயணிகள் முழந்தாளிட்டார்கள். கல்லில் கீறிய கட்டங்கள்கூட இயேசுவை ஏளனம் செய்த படைவீரர்களின் விளையாட்டாகக் காட்டப்பட்டன. கன்னியரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் தோண்டியும் பார்த்தார்கள். 1930-களில் அன்னை கோட்லீன் அகழாய்வை முன்னின்று நடத்தினார். 1950-களில் சகோதரி மரி-ஆலின் எழுதிய விரிவான ஆய்வு, பிலாத்துவின் முற்றம் இதுவே என்று வாதிட்டது.

அந்த முடிவு நிலைக்கவில்லை. காரணம், தளத்துக்குக் கீழே இருக்கும் ஸ்த்ரூத்தியோன் குளம். கி.பி. 70-இல் எருசலேமை முற்றுகையிட்ட ரோமர்கள் அந்தக் குளத்தின் நடுவில் மண்மேடு எழுப்பியதாக அக்கால யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். அப்படியானால் அன்று குளம் திறந்தே கிடந்திருக்க வேண்டும். அதை மூடித் தளம் பாவியது அதற்குப் பிந்தைய வேலை. இயேசு அதன்மேல் நின்றிருக்க முடியாது. 1971-இல் தொமினிக்கன் துறவி பியர் பெனுவா இதை விரிவாக நிறுவினார். தளமும் வளைவும் 2-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஹாட்ரியன் எழுப்பிய புதிய நகரைச் சேர்ந்தவை. பிலாத்து விசாரித்தது நகரின் மேற்கே ஏரோதின் அரண்மனையில் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

பயணிகளின் பக்தியை நம்பியிருக்கும் ஒரு மடத்துக்கு இது கசப்பான முடிவு. ஆனாலும் தளம் ஹாட்ரியன் காலத்தது என்பதை மடத்தில் மறைப்பதில்லை. தொலைவிலிருந்து வருகிறவருக்கு உண்மையைச் சொல்வதைவிடப் பெரிய உபசரிப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதே நேர்மையைக் கன்னியர் தங்கள் சபையின் நோக்கத்திலும் காட்டினார்கள். தொடக்கத்தில் யூதர்கள் மனம் மாற வேண்டும் என்று மன்றாடிய சபை இது. யூதர்களுடனான உறவை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் மறுவரையறை செய்தபின், உரையாடலே இவர்கள் பணியாயிற்று. இயேசு யூதராக வாழ்ந்தார், யூத மரபில் செபித்தார் என்பதிலிருந்து தொடங்கி விவிலியத்தை வாசிக்க, உலகெங்கிலுமிருந்து வருவோருக்கு இம்மடத்திலேயே வகுப்புகள் நடத்துகிறார்கள்.