எந்த அடர்த்தி மாற்றத்தை விட்டுவிடலாம்?

1998 மே மாதம், பிரான்ஸின் சிவோ அணுமின் நிலையத்தில் எஞ்சிய வெப்பத்தை அகற்றும் குழாய் ஒன்று விரிசல் விட்டு நீர் கொட்டியது. மின்கட்டமைப்பில் இணைந்து ஆறு மாதம்கூட ஆகாத புதிய உலை அது. சுமார் 180 டிகிரி வெந்நீரும் 20 டிகிரி நீரும் சேரும் இடத்தை அடுத்துதான் அந்த விரிசல். சரியாகக் கலக்காத சுழல்கள் குழாயின் உட்சுவரில் சூடும் குளிருமாக மாறி மாறி மோதின. எஃகு விரிந்தும் சுருங்கியும் சோர்ந்துபோனது.

இப்படிப்பட்ட கலப்பைக் கணினியில் முன்கூட்டியே கணக்கிட முயல்பவர்களுக்கு முதல் சிக்கல் அடர்த்தி. நீரின் அடர்த்தி வெப்பத்தால் மாறுகிறது, அழுத்தத்தாலும் மாறுகிறது. இரண்டையும் விடாமல் பிடித்தால், நீருக்குள் விநாடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒலியலைகளையும் கணினி துரத்த வேண்டியிருக்கும். நீரோட்டமோ விநாடிக்குச் சில மீட்டர்தான். நமக்குத் தேவையில்லாத ஒலிக்காகக் கணக்கின் காலப்படிகள் மிக நுணுகி, வேலை முடியாமல் நீளும்.

பழைய வழி, பிரெஞ்சு அறிஞர் பூசினெஸ்க் 1903-ல் பயன்படுத்தியது. அடர்த்தி எங்கும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு, புவியீர்ப்பு வரும் உறுப்பில் மட்டும் வேறுபாட்டைச் சேர்ப்பது. வெந்நீர் மேலே ஏறுவதற்கு அது போதும். ஸ்வீடனின் வாட்டன்ஃபால் ஆய்வகத்தில் 19 டிகிரி நீரையும் 36 டிகிரி நீரையும் டி-வடிவக் குழாயில் கலந்து அளந்தார்கள். கணினி நிரல்களைச் சோதிக்கப் பல நாட்டு ஆய்வாளர்கள் அந்த அளவீடுகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே அடர்த்தி வேறுபாடு அரை சதவீதம்தான். பூசினெஸ்க் வழி தாராளமாகச் செல்லும்.

சிவோ குழாயில் அதுவே சுமார் 11 சதவீதம். முதல் சோதனையில் தேறிய நிரல் இங்கும் தேறும் என்று எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. கனமான நீரைத் திருப்புவது கடினம், லேசானது எளிதில் திரும்பும். சுழல்களின் இந்த நிலைமத்தை பூசினெஸ்க் வழி பார்ப்பதே இல்லை. இங்கே பொருத்தமானது, அடர்த்தியை வெப்பநிலையிலிருந்து மட்டும் கணக்கிட்டு, அழுத்தத்தின் சிற்றலைவுகளால் வரும் மாற்றத்தை விட்டுவிடும் முறை. ஒலியலைகள் விலகும், வெப்பத்தின் விளைவு முழுதாக நிற்கும். கொந்தளிப்பைச் சராசரி எடுக்கும்போதும் அடர்த்தியால் எடையிட்ட ஃபாவ்ர் சராசரியே வசதி. சமன்பாடுகளில் புதுப்புது உறுப்புகள் முளைக்காது. தீச்சுடர்க் கணக்குகளில், அடர்த்தி ஆறேழு மடங்கு மாறும் என்பதால், இது வழக்கமாகிவிட்டது.

அடர்த்தியை மட்டும் திருத்தினாலும் போதாது. 20 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்குப் போகும்போது நீரின் பாகுநிலை ஏழில் ஒரு பங்காகச் சரிகிறது. சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் அதை மாறிலியாக வைத்தால், எஃகுக்குள் எவ்வளவு வெப்பம் இறங்குகிறது என்ற கணக்கே பிசகிவிடும்.