குண்டு துளைக்காது என்ற நம்பிக்கை: சவுக் ஆயுதக் குழு எழுந்ததும் வீழ்ந்ததும்

2000-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. பேரா மாநிலத்தின் கிரிக் வட்டாரத்தில் இருந்த இரண்டு ராணுவ நிலைகளுக்குப் பச்சை நிறம் பூசிய பஜேரோ வாகனங்கள் வந்தன. அதிகாரிகளின் சீருடையில் இறங்கியவர்கள், ஆயுதங்களைத் திடீர்ச் சோதனையிட வந்திருப்பதாகக் கூறினர். காவலில் இருந்தவர்களும் அதை நம்பினர். வாகனங்கள் திரும்பியபோது 97 எம்-16 துப்பாக்கிகளும், இயந்திரத் துப்பாக்கிகளும், ஆயிரக்கணக்கான தோட்டாக்களும் அவற்றில் இருந்தன.

வந்தவர்கள் ‘அல்-மவுனா’ என்ற குழுவினர். அடுத்த ஐந்து நாட்கள் நாட்டையே உலுக்கிய அந்தச் சம்பவத்தில் உயிரிழந்தவர்களில் ஒருவர் காவல்துறைத் துப்பறிவாளர் ஆர். சகாதேவன்.

தற்காப்புக் கலையில் தொடங்கியது

தொடக்கத்தில் அல்-மவுனா ஆயுதக் குழு அல்ல. தற்காப்புக் கலை, பாரம்பரிய மருத்துவம், ‘அக ஆற்றல்’ ஆகியவற்றைக் கற்றுத்தருவதாகக் கூறிய சகோதரத்துவ அமைப்பு அது. முன்னாள் ராணுவ வீரரான முகமது அமின் முகமது ரசாலி அதன் தலைவர். பயிற்சி பெற்றவரின் உடலை ஆயுதம் துளைக்காது என்பதே அங்குப் பலரை ஈர்த்த நம்பிக்கை.

இத்தகைய நம்பிக்கை இவ்வட்டாரத்திற்குப் புதிதல்ல. 1980-ஆம் ஆண்டு அக்டோபரில், ஜோகூர் பத்து பகாட் காவல் நிலையத்தை வெள்ளை அங்கி அணிந்த ஒரு கூட்டம் வாளேந்தித் தாக்கியது. அவர்களில் 8 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

உடல் பயிற்சிக்காக வருபவர் முதலில் ஆசானை மதிக்கிறார். பிறகு அவரது ஆற்றலை நம்புகிறார். அந்த நம்பிக்கை முற்றியபின், அவர் சொல்வது சரியா என்று கேட்பதே துரோகமாகத் தோன்றத் தொடங்குகிறது. அமின் அரசாங்கத்தைக் கவிழ்க்கப் புறப்பட்டபோது அவருடன் சென்றவர்கள் இப்படித்தான் சென்றார்கள்.

குன்றில் நடந்தது

ஆயுதங்களுடன் குழுவினர் கோலகங்சாருக்கு அருகே சவுக் பகுதியில் உள்ள புக்கிட் ஜெனாலிக் குன்றில் முகாமிட்டனர். இதற்கிடையே பத்துமலை ஆலயமும் இரண்டு பீர் ஆலைகளும் தாக்குதலுக்கு இலக்காயின. பெரிய சேதம் ஏற்படவில்லை.

பாதுகாப்புப் படையினர் குன்றைச் சுற்றி வளைத்தனர். அதற்குள் நால்வர் பிணையாகச் சிக்கியிருந்தனர்: சகாதேவன், மற்றொரு காவல்துறை அதிகாரி, ராணுவக் கமாண்டோ வீரர் மேத்தியூ அனாக் மேடான், கிராமவாசி ஒருவர். சகாதேவனும் சரவாக்கைச் சேர்ந்த மேத்தியூவும் கொல்லப்பட்டனர். மற்ற இருவர் உயிருடன் மீண்டனர்.

லெப்டினன்ட் ஜெனரல் சைனி முகமது சைட் நேரில் சென்று அமினுடன் பேசினார். ஜூலை 6-ஆம் தேதி குழு சரணடைந்தது. அன்று குழுவைச் சேர்ந்த ஒருவர் தோட்டா பாய்ந்து இறந்தார். எந்த ஆயுதமும் துளைக்காது என்ற நம்பிக்கையில் எழுந்த அமைப்பு, அந்த நம்பிக்கை பொய்த்த இடத்திலேயே முடிந்தது.

நீதிமன்றத்தில்

1998-இல் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவி நீக்கப்பட்டதைத் தொடர்ந்து அரசியல் சூடு தணியாமல் இருந்த காலம் அது. ஆயுதக் கொள்ளையே ஒரு நாடகமோ என்று வெளிப்படையாகச் சந்தேகித்தவர்களும் இருந்தனர். பின்னர் நடந்த வழக்கில் சாட்சிகள் ஒவ்வொன்றாக முன்வைக்கப்பட்டன.

மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக 29 பேர் மீது தண்டனைச் சட்டத்தின் 121-ஆம் பிரிவில் குற்றம் சாட்டப்பட்டது. அவர்களில் 10 பேர் குறைந்த குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு, தலா 10 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றனர். எஞ்சிய 19 பேரும் குற்றவாளிகள் என்று 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் அமின் உள்ளிட்டோருக்கு மரண தண்டனையும் மற்றவர்களுக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. 2006 ஆகஸ்டில் அமின் தூக்கிலிடப்பட்டார். தலைவர் பிடிபட்ட நாளிலேயே செயலிழந்த அமைப்பு, அதன்பின் தலைதூக்கவில்லை.

இன்று கவனிக்க வேண்டியது

வகுப்பு ரகசியமாக நடப்பது, கேள்வி கேட்பவர் ஒதுக்கப்படுவது, ஆசானுக்கு மட்டுமே சிறப்பு ஆற்றல் உண்டு எனச் சொல்லப்படுவது, குடும்பத்தைவிடக் குழுவே பெரிது என்று உணர்த்தப்படுவது. இவை எந்தச் சமயத்தின் பெயரால், எந்த மொழியில் நடந்தாலும் எச்சரிக்கை அடையாளங்களே. இளைஞர் ஒருவரிடம் இத்தகைய மாற்றம் தெரிந்தால், அதை முதலில் கவனிக்கக்கூடியவர்கள் வீட்டார்தான். ஆயுதம் கைக்கு வந்தபின் பேசிப் பயனில்லை.

சவுக் குன்றில் கொல்லப்பட்ட இருவரும், தங்களைக் குண்டு துளைக்காது என்று நம்பி அங்கே போகவில்லை. துளைக்கும் என்று தெரிந்தேதான் கடமைக்காகப் போனார்கள்.