சப்மிட் பட்டன் எங்கே? திரைக்குள் அடங்காத விண்டோக்களும் நம் வீட்டுக் கணினிகளும்

கல்வி உதவித்தொகைக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் கடைசித் தேதி நெருங்கும் நாட்களில் மேற்குத் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் உள்ள ஜெராக்ஸ் கடைகளைக் கவனித்தால் ஒரு காட்சி தென்படும். தோளில் லேப்டாப் பையோடு மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். வீட்டில் கணினி இருக்கிறது, நெட் இருக்கிறது, விண்ணப்பத்தை நிரப்பவும் தெரிகிறது. பிறகு ஏன் கடைக்கு வந்தீர்கள் என்று கேட்டால், "எல்லாம் போட்டாச்சு, கீழே இருக்கிற பட்டன் மட்டும் தெரியல" என்று சிலர் சொல்வார்கள். நம் மஹல்லாவிலும் இதே குறையோடு நம்மிடம் வரும் பெற்றோர்கள் உண்டு. பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவர்கள் கோபப்படுகிறார்கள். பிள்ளையின் மீது தவறே இல்லை. அந்த விண்டோ பிள்ளையின் திரைக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்க அற்பமான விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பட்டன் தெரியாததால் கடைக்குப் போகிறவர் அங்கே எதையெல்லாம் விட்டுவிட்டு வருகிறார் என்று யோசியுங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், பாஸ்வேர்டு, போனுக்கு வரும் ஓடிபி எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்கிறார். பெண் பிள்ளையின் புகைப்படமும் சான்றிதழ்களும் கடைக் கணினியின் டவுன்லோடு ஃபோல்டரில் தங்கிவிடுகின்றன. பெரும்பாலான கடைக்காரர்கள் நேர்மையானவர்கள்தான். அதே நாற்காலியில் அடுத்து வந்து உட்காருகிறவர் யார் என்பது கடைக்காரருக்கே தெரியாது.

சரி, ஒரு விண்டோ ஏன் திரைக்குள் அடங்காமல் போகிறது?

கணினியில் சில விண்டோக்களின் ஓரத்தில் மவுஸை வைத்தால் இரண்டு பக்கம் அம்புள்ள குறி வரும். இழுத்தால் விண்டோ பெரிதாகும், தள்ளினால் சிறிதாகும். வேறு சிலவற்றில் அந்தக் குறியே வராது. மென்பொருளை எழுதியவர் அதை அப்படிப் பூட்டி வைத்திருக்கிறார். இதற்குப் பின்னால் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலை மிச்சம் என்பதுதான் காரணம். 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6 போன்ற கருவிகளில், வெற்றுப் படிவம் ஒன்றின் மேல் பட்டன்களையும் எழுத்துக் கட்டங்களையும் மவுஸால் இழுத்து வைப்பார்கள். ஒவ்வொரு பட்டனும் இடது ஓரத்திலிருந்து இவ்வளவு தூரம், மேலிருந்து இவ்வளவு தூரம் என்று எண்ணாகப் பதிவாகும். விண்டோ பெரிதானாலும் சிறிதானாலும் பட்டன் அந்த எண்ணிலேயே நிற்கும். அதை நகரச் செய்ய வேண்டுமானால் தனியாக நிரல் எழுத வேண்டும். அந்த உழைப்பைத் தவிர்க்க எளிய வழி, விண்டோவின் அளவையே மாற்ற முடியாதபடி வைத்துவிடுவது. நம் ஊர்க் கடைகளில் இன்றும் ஓடும் பழைய பில்லிங் மென்பொருட்கள் பலவற்றில் இந்தப் பழக்கத்தின் அடையாளத்தைப் பார்க்கலாம்.

எழுதியவரின் மேசையில் அது சரியாகவே தெரிந்திருக்கும். அன்றைய திரைகள் 800க்கு 600 அல்லது 1024க்கு 768 பிக்சல் அளவில் இருந்தன. திரையின் படத்தை உருவாக்கும் சிறு புள்ளிதான் பிக்சல். முதல் எண் அகலம், இரண்டாவது உயரம். பிறகு அகலத் திரைகள் வந்தபோது அகலம் கூடியதே தவிர, சாதாரண லேப்டாப்களில் உயரம் அவ்வளவாகக் கூடவில்லை. 2007இல் ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி என்ற சின்ன மடிக்கணினியைக் கொண்டுவந்தது. அதன் 7 அங்குலத் திரையில் உயரம் வெறும் 480 பிக்சல்தான். உலகம் முழுவதும் அதை வாங்கியவர்கள், பல விண்டோக்களில் ஓகே பட்டன் திரைக்குக் கீழே போய்விடுவதைக் கண்டு திகைத்தார்கள். விலை மலிவான கணினியை வாங்கியவருக்கே முதல் அடி விழுந்தது.

தமிழ்நாட்டில் இது இன்னும் நெருக்கமான விஷயம். 2011 செப்டம்பர் 15 அன்று அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் வழியாக லட்சக்கணக்கான மாணவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கணினியைத் தொட்ட தலைமுறை அது. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அந்த லேப்டாப்களை அண்ணனுக்குப் பின் தம்பி, தம்பிக்குப் பின் தங்கை என்று இன்னும் பயன்படுத்தும் வீடுகள் இருக்கின்றன. அக்காலத்துச் சாதாரண லேப்டாப்களின் திரை 1366க்கு 768. இதில் டாஸ்க்பாருக்கு 40 பிக்சல் போனால் உயரம் 728தான் மிச்சம். பிரவுசரின் டேப்களும் முகவரிப் பட்டையும் அதிலிருந்து இன்னும் நூறு பிக்சலுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அலுவலகத்தில் 1080 பிக்சல் உயரமுள்ள மானிட்டரை வைத்துக்கொண்டு ஒருவர் 750 பிக்சல் உயரத்தில் பெட்டியை வடிவமைத்தால், இந்தப் பிள்ளையின் வீட்டில் அதன் அடிப்பகுதி தெரியாது. அடிப்பகுதியில்தானே சப்மிட் பட்டனை வைப்பார்கள்!

ஓஎம்ஆர் சாலையில் பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடங்களில் மென்பொருள் எழுதுகிறார்கள். அங்கிருந்து மேடவாக்கம் வழியாகத் தாம்பரத்துக்கு ஒரு பஸ் பயண தூரம்தான். எழுதுகிறவரின் திரைக்கும் பயன்படுத்துகிறவரின் திரைக்கும் நடுவே உள்ள தூரம் அதைவிட அதிகம்.

வயதானவர்களின் நிலை இன்னும் சிரமம். கண் பார்வை குறைந்தவர்களுக்காக விண்டோஸில் 'ஸ்கேல்' என்ற வசதி உண்டு. 125 சதவீதம் என்று வைத்தால் எழுத்தும் பட்டனும் கால் பங்கு பெரிதாகும். நல்ல வசதிதான். ஆனால் 1366க்கு 768 திரையில் 125 சதவீதம் வைத்தால், மென்பொருளின் கணக்கில் அது 1093க்கு 614 அளவுள்ள திரையாகச் சுருங்கிவிடும். முழு எச்டி திரையில் 150 சதவீதம் வைத்தாலும் 1280க்கு 720தான். நீட்டிச் சுருக்க முடியாத விண்டோ அங்கே வந்தால், எழுத்து தெரிய வேண்டுமா, பட்டன் தெரிய வேண்டுமா என்று அத்தா ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாகிறது. இதன் மறுபக்கமும் உண்டு. விலை உயர்ந்த 4கே திரைகளில் பழைய மென்பொருளைத் திறந்தால் விண்டோ தபால்தலை போலச் சுருங்கிவிடும், அல்லது மங்கலாகத் தெரியும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே மைக்ரோசாஃப்ட் இதற்கு ஒட்டுப் போட்டு வருகிறது.

மொழி என்ற கோணத்தை இத்துறையில் பலரும் பேசுவதில்லை. படிவத்தை ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுப் பிறகு தமிழாக்கம் செய்கிறார்கள். 'சேவ்' என்பதற்குச் 'சேமி' என்றால் இடம் மிச்சமே. ஆனால் 'சப்மிட்' இருந்த இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' வந்து உட்காரும்போது பட்டன் அகலம் போதாது, கடைசி எழுத்துகள் வெட்டுப்படும். உயரத்திலும் சிக்கல் உண்டு. தமிழில் மேலே சுழியும் கீழே வளைவும் வருவதால், ஆங்கிலத்துக்கு அளந்த வரியில் 'கி'யின் தலையோ 'மூ'வின் காலோ போய்விடும். உருது பேசும் நம் குடும்பங்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். நஸ்தஃலீக் எழுத்து மேலிருந்து சரிந்து இறங்குவது. அதை ஆங்கில வரியின் உயரத்துக்குள் திணித்தால் நுக்தாக்களே காணாமல் போகும். நுக்தா போனால் 'பே' எது, 'தே' எது? விண்டோவும் பட்டனும் உள்ளே இருக்கும் எழுத்துக்கேற்ப விரிந்து கொடுத்தால் இந்தப் பிரச்சினை எழாது.

அளவு மாறாத எல்லாமே குறைதான் என்று இதைப் படித்துவிட்டு முடிவு கட்டிவிடவும் கூடாது. மதீனாவில் அச்சிடப்படும் முஸ்ஹஃபை எடுத்துக்கொள்ளுங்கள். 604 பக்கங்கள், பக்கத்துக்கு 15 வரிகள், ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தின் முடிவோடு முடிகிறது. ஹிஃப்ழ் செய்யும் மாணவர் எழுத்தை மட்டும் மனனம் செய்வதில்லை, இடத்தையும் மனனம் செய்கிறார். இந்த ஆயத் வலப்பக்கத்தின் மேல் மூலையில் தொடங்கியது, அது இடப்பக்கத்தின் நடுவில் இருந்தது என்று கண்ணுக்குள் படம் பதிந்திருக்கும். அதனால்தான் ஒரே அச்சு முஸ்ஹஃபிலேயே ஓதச் சொல்லி உஸ்தாத்மார்கள் வற்புறுத்துகிறார்கள். போனில் உள்ள குர்ஆன் செயலி எழுத்தைப் பெரிதாக்கி வரிகளைக் கலைத்து அடுக்கினால் ஹாஃபிழுக்கு வழி தப்பிவிடும். ஆகவே நல்ல செயலிகள் இரண்டு வழியையும் வைத்திருக்கின்றன. மனனம் செய்பவருக்குப் பக்கம் அப்படியே இருக்கும், திரை சிறிதென்றால் முழுப் பக்கமும் சேர்ந்து சுருங்கும். பொருள் பார்த்து ஓதுபவருக்கு எழுத்து பெரிதாகி வரிகள் மடங்கிக் கொடுக்கும். முஸ்ஹஃபின் பக்கம் மாறாதிருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விண்ணப்பப் படிவம் மாறாதிருப்பதற்கு அப்படி ஒரு காரணத்தை யாராலும் சொல்ல முடியாது.

இணையப் பக்கங்களில் இதற்குத் தீர்வு வந்து பல வருடங்களாகிவிட்டன. 2010 மே மாதம் ஈதன் மார்க்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ஒரே பக்கம் எந்தத் திரைக்கும் தன்னை மாற்றிக்கொள்ளும் முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். இன்று போனில் செய்தித் தளங்களை வசதியாகப் படிக்க முடிவதில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. 2018இல் வெளியான உலக இணைய அணுகல் விதிகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. திரை 320 பிக்சல் அகலம் இருந்தாலும், பக்கவாட்டில் நகர்த்தாமலே பக்கத்தைப் படிக்க முடிய வேண்டும். வரைபடம், பெரிய அட்டவணை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. போன் செயலிகளிலும் கதவு திறந்துவிட்டது. 2025இல் வந்த ஆண்ட்ராய்டு 16, அதற்கென எழுதப்படும் செயலிகள் டேப்லெட் போன்ற பெரிய திரைகளில் 'என் அளவை மாற்றாதே' என்று அடம்பிடித்தால் அதைக் கேட்பதில்லை. விளையாட்டுகளுக்குச் சலுகை உண்டு.

நம் நாட்டுச் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் வங்கிகளின் கேஒய்சி நடைமுறையில் படும் சிரமம் பற்றிய வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்றது அந்தத் தீர்ப்பு. விண்டோ அளவு பற்றி அதில் பேச்சில்லை. ஆனாலும் எழுத்தைப் பெரிதாக்கியதால் பட்டனை இழக்கும் முதியவர் புகார் எழுதும்போது இந்தத் தீர்ப்பைச் சுட்டலாம் என்பது நம் கருத்து. அரசுத் தளங்களில் கருத்துத் தெரிவிக்க இடம் இருக்கும். எந்தத் திரை அளவு, எத்தனை சதவீத ஸ்கேல், எந்தப் பக்கத்தில் பட்டன் மறைகிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

அதுவரை வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடியவை சில உண்டு. பிரவுசரில் என்றால் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மைனஸ் விசையைத் தட்டுங்கள், பக்கம் சுருங்கிப் பட்டன் மேலே வரும். வேலை முடிந்ததும் கண்ட்ரோலும் பூஜ்யமும் பழைய அளவுக்குக் கொண்டுவரும். எஃப்11 விசை பிரவுசரின் மேல்பட்டைகளை மறைத்து உயரத்தைக் கூட்டித் தரும். தனி மென்பொருள் என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஸ்கேலைத் தற்காலிகமாக 100க்குக் குறைக்கலாம், டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைக்கலாம். ப்ரொஜெக்டரைக் கழற்றிய பிறகு விண்டோ முழுவதுமே கண்ணில் படாமல் போனால், ஆல்ட் விசையோடு ஸ்பேஸ், பிறகு எம், பிறகு அம்பு விசைகள். விண்டோ மெல்ல உள்ளே வரும். போனில் படிவம் வெட்டுப்பட்டால் படுக்கைவாட்டில் திருப்பிப் பாருங்கள், குரோமின் மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதையும் தொட்டுப் பாருங்கள்.

டேப் விசையைத் தட்டித் தட்டி, கண்ணுக்குத் தெரியாத பட்டனுக்குப் போய் என்டர் அழுத்தும் வித்தையும் சிலருக்குத் தெரியும். பணம், உறுதிமொழி, சம்மதம் சம்பந்தப்பட்ட படிவங்களில் அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். மறைந்த பகுதியில்தான் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி அளிக்கிறேன்' என்ற வரி இருக்கும். படிக்காததற்குக் கையெழுத்துப் போடுவதும் இதுவும் ஒன்றே. எதுவும் சரிவராமல் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், பாஸ்வேர்டை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கிளம்பும் முன் லாக் அவுட் செய்து, டவுன்லோடு ஃபோல்டரில் உள்ள உங்கள் கோப்புகளை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து அழித்துவிட்டு வாருங்கள்.

ஜமாஅத் சந்தாக் கணக்கு, மதரஸா சேர்க்கை, ஜகாத் விண்ணப்பம் என்று நம் மஹல்லாக்களுக்காகவே செயலி எழுதித் தரும் இளைஞர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். அவர்களிடம் நிர்வாகிகள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. செயலியை ஒப்படைக்கும் முன் 1366க்கு 768 திரையுள்ள பழைய லேப்டாப் ஒன்றிலும், எழுத்தைப் பெரிதாக்கிய ஒரு மலிவு விலைப் போனிலும், தமிழை வைத்து ஒருமுறை முழு விண்ணப்பத்தையும் நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. பழைய லேப்டாப் மஹல்லாவில் யார் வீட்டிலாவது கிடைக்கும்.