'நிக் ஆஃப் டைம்' – ஒரு கீறலின் கதை



ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். உறுப்பினர் ஒருவரின் மகள், பிளஸ் டூ படிக்கிற பெண், பாடப்புத்தகத்தோடு வந்து, "மேடம், இன் தி நிக் ஆஃப் டைம்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். "கடைசி நேரத்தில், தக்க சமயத்தில் என்று அர்த்தம்மா" என்றோம். "அது தெரியும். நிக் என்றால் என்ன?" என்றாள். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்துப் பார்த்தோம். பார்த்தால், அது நம்ம கணக்கு நோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் உள்ள சமாச்சாரம்! அதனால்தான் உங்களுக்கும் எழுதுகிறோம்.

நிக் என்றால் என்ன?

நிக் என்றால் கத்தியால் போடும் சின்னக் கீறல் அல்லது வெட்டு. கீறல் ஒரே ஒரு இடத்தில்தான் விழும். கொஞ்சம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அதனால் 'மிகச் சரியான புள்ளி' என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே 'சரியான சமயம்' என்ற பொருளில் நிக் என்று பேசியிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் 'நிக் ஆஃப் டைம்' என்ற முழுத்தொடர் வந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் தாமதமானால் காரியம் கெட்டுவிடும் என்கிற நேரத்தில் ஒன்று நடந்தால், அப்போது இதைச் சொல்லுவார்கள்.

குச்சியில் எழுதிய கணக்கு

அந்தக் காலத்து ஜனங்களுக்குக் கீறல் என்றதும் நினைவுக்கு வருவது கணக்குக் குச்சி. காகிதம் அரிது, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. அதனால் மரக்குச்சியில் கீறல் போட்டுக் கணக்கு வைத்தார்கள். நம் ஊரில் பால்காரர் சுவரில் கோடு போட்டு வைப்பாரே, அந்த மாதிரி. ஆனால் இங்கிலாந்தில் அரசாங்கக் கருவூலமே பல நூறு ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது! 12ஆம் நூற்றாண்டில் கருவூல அதிகாரி ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் எழுதிய புத்தகத்தில் இதன் அளவே இருக்கிறது. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணி அளவு வெட்டு.

வெட்டுப் போட்ட பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். பெரிய பாதி பணம் கொடுத்தவரிடம், சின்னப் பாதி வாங்கினவரிடம். பிறகு தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்து வைப்பார்கள். கீறல்கள் பொருந்த வேண்டும். ஒருத்தர் மட்டும் கூடுதலாக ஒரு கீறல் போட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வார். நம் குழுவில் உறுப்பினர் கையில் பாஸ்புக், குழுவிடம் பேரேடு, இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்கிறோமே, அதே ஏற்பாடுதான். கிரிக்கெட்டில் சொல்லும் 'ஸ்கோர்' என்ற சொல்லுக்கும் மூலப்பொருள் கீறல்தான்.

கவனிக்காத சூடு

1826ல் இந்தக் குச்சி முறை முடிவுக்கு வந்தது. 1834 அக்டோபர் 16 அன்று, மீந்துபோன பழைய குச்சிகளை லண்டன் நாடாளுமன்றக் கட்டிடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். மாலை நாலு மணி வாக்கில் உள்ளே சுற்றிப் பார்க்க வந்தவர்கள் தரை சுடுகிறது, புகை வருகிறது என்று சொன்னார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மணிக்கெல்லாம் தீ பிடித்து, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எரிந்துபோயின. தரை சுட்டபோதே அடுப்பை அணைத்திருந்தால் அதுதான் 'நிக் ஆஃப் டைம்'. அதே இடத்தில் திரும்பக் கட்டிய கட்டிடத்தில்தான் பிக் பென் கடிகாரம் 1859 முதல் ஓடுகிறது.

நம்ம ஊர் 'நிக் ஆஃப் டைம்'

நாங்கள் வேலை செய்யும் பகுதியில் நடந்ததைச் சொல்கிறோம். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு உங்களுக்குத் தெரியும். 2022 ஜூன் முதல் வருடச் சந்தா 436 ரூபாய். இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஜூன் 1 தொடங்கி அடுத்த மே 31 வரை ஒரு வருடக் கணக்கு. மே மாதக் கடைசியில் வங்கியே சந்தாவைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கணக்கில் பணம் இருக்க வேண்டும்.

ஒரு குழுவின் கணக்காளர் மே 27ஆம் தேதி எல்லோருடைய பாஸ்புக்கையும் வாங்கிப் பார்த்தார். ஒரு அக்காவின் கணவர் கணக்கில் 110 ரூபாய்தான் இருந்தது. குழுவிலிருந்து 500 ரூபாய் உள்கடன் கொடுத்து மறுநாளே கட்ட வைத்தார்கள். ஜூலையில் அவர் மாரடைப்பில் இறந்துபோனார். 2 லட்சம் வந்தது. அடகு நகையை மீட்டு, மகளின் காலேஜ் படிப்பையும் அந்த அக்கா விடாமல் நடத்துகிறார்.

அதற்கு முந்தைய வருடம் வேறொரு குழுவில் இதே போலப் பணம் இல்லாமல் ஒரு சகோதரியின் காப்பீடு நின்றுபோனது. யாரும் பார்க்கவில்லை. அவர் செப்டம்பரில் இறந்த பிறகுதான் பாஸ்புக்கைத் திறந்தோம். அந்த மே மாதம் அந்தக் குழுவுக்கு நாங்களும் நினைவுபடுத்தவில்லை. அந்தத் தவறில் எங்களுக்கும் பங்கு உண்டு. அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்க எங்களால் முடியவில்லை.

காப்பீடு நின்றபின் திரும்பச் சேரலாம்தான். ஆனால் முதல் 30 நாளுக்குள் விபத்து தவிர வேறு காரணத்தால் இறந்தால் பணம் கிடைக்காது. அந்த அக்காவின் கணவர் ஜூலையில் திரும்பச் சேர்ந்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது.

என்ன செய்யலாம்?

இங்கிலீஷில் 'இன் டைம்' என்றும் ஒன்று உண்டு. கையில் நேரம் வைத்துக்கொண்டு முன்னாலேயே முடிப்பது. நிக் ஆஃப் டைமில் தப்பிப்பது அதிர்ஷ்டம், இன் டைமில் முடிப்பது பழக்கம். நமக்கு வேண்டியது பழக்கம்தான்.

* ஏப்ரல் மாதக் கூட்டத்திலேயே எல்லோருடைய வங்கி பாஸ்புக்கையும் பதிந்து வரச் சொல்லுங்கள். கணவர், பிள்ளைகள் பாஸ்புக்கும் சேர்த்து.
* மே 20க்குள் கணக்கில் 500 ரூபாயாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவர்களுக்கு உள்கடன் கொடுத்து, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
* வங்கிக் கடன் தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன் ஆகிவிடும். முதல் மாதம் தவறும்போதே, தரை சுடும்போதே, பேசித் தீருங்கள்.
* முக்கியத் தேதிகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் வேண்டாம் சகோதரிகளே. அடுத்த கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் அவரவர் பாஸ்புக்கை எடுத்து ஒரு தடவை பாருங்கள்.