குருதி உணர்த்தும் குறிப்பு

மழைவளம் மிக்க நாவலப்பிட்டியில் ஈரச்சுவரிற் படரும் பூஞ்சணத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. மூச்சோடு உட்புகும் அதன் நுண்வித்துக்களைக் குருதியின் வெள்ளணுக்கள் அழித்துவிடுகின்றன. குருதிப் புற்றுநோயாளர்க்கோ, நோயாலும் மருந்தாலும் அக்காவல் குன்றுகின்றது.

வெள்ளணுக் குறைவு மிகுந்தோறும், அது நீடிக்குந்தோறும் தொற்றும் மிகும் என்பதை 1966 இல் போடி முதலிய அமெரிக்க மருத்துவர் கணக்கிட்டுக் காட்டினர். நியூத்திரபில் என்னும் வெள்ளணு, ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் 500 இற்குக் குறைந்து பத்து நாளுக்கு மேலும் நீடிப்பின், பூஞ்சணத் தொற்று நேருமென்று மருத்துவர் அஞ்சுவர்.

அஸ்பெர்கிலஸ் என்னும் பூஞ்சணத்தின் மேலுறையிலிருந்து கசியும் கலக்ரோமன்னன் என்ற சர்க்கரைப் பொருளையும் இன்று குருதியிற் காணலாம். சிலரிடத்து அது நோய்க்குறிகள் தோன்றுமுன்னரே தென்படும். எனினும் ஒரு சோதனையே முடிவன்று. மீண்டும் மீண்டும் நோக்கித் துணிதல் வேண்டும்.

ஆதலின், இந்நோயாளர் உள்ள இல்லத்தார் காய்ச்சலைச் சிறிதென எண்ணிக் கைவைத்தியத்தில் நாட்கழித்தல் ஆகாது. உடனே மருத்துவமனையை நாடுதல் கடன்.