விதி எழுதுவதும் அவர்களே, சான்று தருவதும் அவர்களே

2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். சில நாட்களிலேயே பாலினச் சோதனை, ஊடகங்களில் கசிந்த மருத்துவ விவரம், பறிபோன பதக்கம். ஊக்கமருந்து எதுவும் அவர் உட்கொள்ளவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். 2012-ல் அவரும் சூளையில் கூலிக்கு நின்றார்.

சாந்திக்குக் கிடைக்காத வழக்காடும் வாய்ப்பு, ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்துக்குக் கிடைத்தது. ஆண் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பெண்ணுக்கு உண்மையில் எவ்வளவு ஆதாயம் என்று விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2015-ல் கேட்டபோது, உலகத் தடகளச் சம்மேளனத்திடம் போதிய சான்று இல்லை. அத்தகைய பெண்களைத் தடுத்த விதி நிறுத்திவைக்கப்பட்டது.

சான்று 2017-ல் வந்தது. எழுதியவர்களில் ஒருவர் சம்மேளனத்தின் சொந்த மருத்துவ அறிவியல் பிரிவின் தலைவர்! அந்த ஆய்வு ஆதாயம் காட்டிய போட்டிகளில் சங்கிலிக் குண்டு எறிதலும் கோலூன்றித் தாண்டுதலும் உண்டு. 2018-ல் வந்த புதிய விதியிலோ அவை இரண்டும் இல்லை. ஆய்வு ஆதாயம் காட்டாத 1500 மீட்டர் இருந்தது. தென்னாப்பிரிக்க வீராங்கனை காஸ்டர் செமென்யா ஓடியது 800-ம் 1500-ம். இதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பெண்கள் பிரிவுக்கு எல்லைக்கோடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோட்டைப் போடுகிற கை சுத்தமாக இருக்க வேண்டாமா? 1999 முதல் 2015 வரை சம்மேளனத் தலைவராக இருந்த லாமின் டியாக், ரஷ்ய வீரர்களின் ஊக்கமருந்து விவகாரத்தை மூடிமறைக்கப் பணம் பெற்ற ஊழல் வழக்கில் 2020-ல் பாரிஸில் தண்டிக்கப்பட்டார். சாந்தி பதக்கத்தை இழந்தபோதும் சம்மேளனத் தலைவர் அவரே.

புதிய விதியை எதிர்த்து செமென்யா தொடுத்த வழக்கில் 2019-ல் தீர்ப்பாயம் 2-க்கு 1 என்று பிரிந்தது. விதி பாகுபாடானதுதான், ஆனாலும் தேவையானது என்றது பெரும்பான்மை. 2021 ஆகஸ்டில் அந்த 2017 ஆய்வை எழுதியவர்களே திருத்தம் வெளியிட்டார்கள்: அந்த முடிவுகள் காரண காரியத் தொடர்பை நிரூபிக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் அதற்குள் முடிந்துவிட்டது. அங்கே 800 மீட்டரில் செமென்யா ஓடவில்லை. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவர் மேல்முறையீடு செய்திருந்த சுவிட்சர்லாந்தின் நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தீர ஆராயவில்லை, நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது. அப்போது அவருக்கு வயது 34.

சாந்தி இளம் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளரானார். வெள்ளி திரும்பி வரவில்லை.