கடையும் கடைக்காரரும்

மதுராந்தகத்துக்கு வடக்கே, பெருஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் கருங்குழி. கர்நாடகப் போர்க்காலத்தில் கோட்டையாற் பேர்பெற்ற இவ்வூரைச் சரித்திரம் கற்போர் அறிவர். யாம் ஈண்டுக் கூறப்புகுவது கோட்டையைப் பற்றியன்று. சாலையோரத்திற் சாக்கு விரித்துக் காய்கறி விற்போரையும், அவரைச் சூழ்ந்த பண்டங்களையும் புகைப்படம் எடுக்கும் முறையைப் பற்றியதாகும். இஃது எளிய காரியமென்றே யாமும் முதலில் எண்ணினோம்.

விடுமுறையில் ஒருநாட் காலை, அவ்வூரிற் கீரையும் கத்தரியும் விற்கும் மூதாட்டியார் ஒருவரிடம் இசைவு பெற்று, அணுகி நின்று அவர் முகத்தை மட்டும் படமெடுத்தோம். முகத்தின் வரியொவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. பெருமிதத்தோடு அதனை அவரிடம் காட்டினோம். அவரோ, "தம்பி, காயெல்லாம் விட்டுட்டு என்னை மட்டும் பிடிச்சா, நான் யாருன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அச்சொல் எம்மை நாணச் செய்தது.

அதன்பின்னரே அக்கடையை யாம் உள்ளபடி நோக்கினோம். தராசு வலக்கைப் பக்கம் இருந்தது. எடைக்கற்கள் மடியருகே இருந்தன. விரைவில் வாடும் கீரைக்கட்டுகள் குடைநிழலில் ஈரச்சாக்கின்மேலும், வெயில் தாங்கும் பூசணிக்காய்கள் வெளியோரத்திலும் கிடந்தன. கூறுகட்டிய தக்காளி வழிப்போவார் கண்ணிற் படும்படி முன்வரிசையில் விளங்கிற்று. இருந்த இடத்தினின்று எழாமலே கை எட்டும் தூரமே அக்கடையின் எல்லை. பல்லாண்டுப் பழக்கம் வகுத்த ஒழுங்கு அது. அதனை நீக்கி முகத்தை மட்டும் எடுப்பது, நூலை விட்டு அட்டையை மட்டும் படிப்பதனோடு ஒக்கும்.

இனி, எடுக்கும் முறையைக் கூறுவோம். நின்றபடி எடுத்தால் விற்பவர் சிறுத்துத் தாழ்ந்து தோன்றுவர். ஆதலின், மூன்று நான்கு அடி பின்வாங்கி, அவர் கண்மட்டத்துக்குக் கருவியைத் தாழ்த்தல் வேண்டும். லென்ஸின் துளையை அகலத் திறந்தால் முகம் மட்டும் துலங்கிப் பண்டங்கள் மங்கும். துளையெண் 8 அளவுக்குச் சுருக்கினால் இரண்டும் துலங்கும். உச்சிவெயில் குடையின்கீழ் முகத்தை இருளாக்கும். நீலப் பிளாஸ்டிக் படுதாவோ முகத்திலும் தக்காளியிலும் தன் நிறத்தை ஏற்றிவிடும். காலையின் சாய்ந்த ஒளியே நன்று. வாங்குவோரை மறித்து நில்லாமை, இவையனைத்தினும் முதன்மையானது. எமக்குப் படம், அவருக்கோ அன்றைய பிழைப்பு.

இம்முயற்சி புதிதன்று. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்பார் மதுரையைப் படமெடுத்தார். அந்நாளைய முறைக்கு நெடுநேரம் ஒளி வேண்டியிருந்தமையின், கோபுரமும் மண்டபமும் செவ்வனே பதிந்தன. சந்தைக் கூட்டத்தின் அசைவு அதற்கு அகப்படுவதன்று. பின்னர்ப் பாரிஸ் நகரில் ஏழன் அட்ஜே என்பார், 1927-இல் இறக்குமளவும், கண்ணாடித் தகடுகளைச் சுமந்து திரிந்து, தெருவிற்பனையாளரையும் கடைமுகப்புகளையும் பதிந்து வைத்தார். மாறிப்போன அந்நகரின் பழைய வாழ்வை இன்று அப்படங்களிற் காண்கின்றோம்.

நம் சென்னையிலும் 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தழிந்தது. கட்டடத்தின் படம் மட்டும் எஞ்சினாற் போதுமோ? எவர், எப்பண்டத்தின் நடுவே, எவ்வாறு அமர்ந்திருந்தார் என்பதும் எஞ்சவேண்டுமன்றோ? சாலையோரக் கடைகளுக்கோ தீயும் வேண்டுவதில்லை. சாலையை அகலமாக்கினாலே அவை மறைந்துவிடும்.

மறுவாரம் யாம் மீண்டும் சென்று, முறைப்படி எடுத்த படத்தைத் தாளில் அச்சிட்டு அம்மூதாட்டியாரிடம் கொடுத்தோம். அவர் முதலில் நோக்கியது தம் முகத்தையன்று, கீரைக்கட்டுகளையே. அவற்றை விரலால் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, "ஆமா தம்பி, இது என் கடைதான்" என்றார்.

மாணவ நண்பர்காள்! நும் ஊர்க் கடைத்தெருவிலும் இத்தகையோர் உளர். கருவி இல்லாத கை இக்காலத்து அரிது. இசைவு கேட்டு எடுங்கள். எடுத்த படத்தை உரியவர்க்கும் கொடுங்கள்.